சாப்பாட்டு மேசையில் ஒரு காரின் மூளை

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஞாயிறு காலைகளில் ஒரு வேடிக்கை நடக்கும். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பல அடுக்குமாடிகளில் இதே வேடிக்கைதான். வயதுபோன ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக லிப்டில் இறங்கி வருவார்கள். சிலர் சாரத்தோடு வருவார்கள், சிலர் கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி வேட்டி கட்டிக்கொண்டு வருவார்கள். காருக்குப் போர்த்தியிருக்கும் துணியைப் பாதி விலக்கி, உள்ளே ஏறி, எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எங்கும் போக மாட்டார்கள். பற்றறி செத்துப்போகாமல் இருப்பதற்காகச் செய்கிற வேலை அது. கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டு, துணியை இழுத்துப் போர்த்திவிட்டு, மேலே போய்விடுவார்கள். ஓகஸ்ட் மாதம் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்தால் ஓடுவதற்குத்தான் இந்தக் கார்கள் எல்லாம் காத்திருக்கின்றன. வந்த பிள்ளைகள் போனைத் தட்டி வாடகைக் காரைக் கூப்பிட்டுக்கொண்டு போகிறார்கள் என்பது வேறு கதை.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகத்தான் இருந்தேன். மனைவி போன பிறகு எனக்கு அலுத்துவிட்டது. அந்தக் கார் கடைசிக் காலத்தில் அவளுக்காகவே ஓடியது. களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கூட்டிக்கொண்டு போவதும், வருகிற வழியில் அவளுக்குத் தோடம்பழம் வாங்குவதும்தான் அதற்கு வேலை. அது முடிந்த பிறகு யாருக்காக இறங்கிப் போய் எஞ்சினைச் சூடாக்குவது என்று விட்டுவிட்டேன். துணியின் மேல் தூசி படிந்தது. பூனை ஒன்று அதில் படுக்கத் தொடங்கியது. அதையும் நான் துரத்தவில்லை.

பிறகு ஒருநாள் கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாணம். துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்த்த காலத்தில் என்னோடு இருந்தவரின் மகளுக்கு. பட்டு வேட்டியோடு பஸ்ஸில் தொங்க மனமில்லாமல் கீழே இறங்கிப் போய்க் காருக்குள் ஏறித் திறப்பைத் திருகினேன். ஒரு சத்தமும் இல்லை. நாலாம் மாடியில் இருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் அந்த நேரம் தன் காரைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். தன் பற்றறியிலிருந்து கரண்ட் கொடுக்கிற வயர் இருக்கிறது, ஒரு நிமிடத்தில் ஸ்டார்ட் எடுத்துத் தருகிறேன் என்றார். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். அதுதான் பிரச்சினை. சிவப்பு எங்கே, கறுப்பு எங்கே என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுத்து, மாறிக் கொழுவிவிட்டோம். படீரென்று ஒரு பொறி. பிளாஸ்டிக் எரிகிற மணம். மாறிக் கொழுவியது நான்தான் என்று அவர் இன்றைக்கும் மாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர்தான் என்று நான் சொல்கிறேன். கல்யாணத்துக்கு நான் பஸ்ஸில்தான் போனேன்.

கராஜிலிருந்து வந்தவர் எரிந்த பியூஸ்களையும் செத்த பற்றறியையும் மாற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எஞ்சினை இயக்குகிற கொம்பியூட்டர் பெட்டி போய்விட்டது என்றார். எவ்வளவு பெற்றோல் விடுவது, எப்போது பொறி அடிப்பது, இது சொந்தத் திறப்புத்தானா என்று பார்ப்பது எல்லாம் அந்தப் பெட்டிதான். புதிதாக எடுப்பது கஷ்டம், எடுத்தாலும் கார் போகிற விலைக்குப் பாதி கேட்பார்கள். "பார்ட்ஸுக்கு வித்திடுங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் துணியைப் போர்த்திவிட்டு மேலே வந்தேன்.

மகன் கனடாவில் இருக்கிறான். ஒரே பிள்ளை. ஞாயிறு காலையில் போனில் கோல் எடுப்பான், அங்கே சனி இரவு. அந்தக் கோலுக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் வந்தால் அதில் என்ன இருந்தது? "சாப்பிட்டீங்களே அப்பா? மருந்து போட்டீங்களே? அங்க மழையே?" இந்த மூன்று கேள்விதான். ஓம், ஓம், இல்லை என்று நான் சொல்வேன். மழை பெய்தால் ஓம், ஓம், ஓம். அவனைக் குற்றம் சொல்லவில்லை. அவனுக்கும் நாளாந்தம் ஆயிரம் வேலை. எனக்குத்தான் கேட்பதற்கு ஒன்றும் வாயில் வராது. அவனோடு கதைப்பதெல்லாம் தாய்தான் பார்த்துக்கொண்டாள். நான் பக்கத்தில் இருந்து தலையாட்டுகிறவன். அவள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் புதிதாகக் கண்டவர்கள் மாதிரிக் கதைத்தோம்.

அந்த ஞாயிறு மூன்று கேள்வியும் முடிந்த பிறகு, வேறு ஒன்றும் இல்லாத குறைக்குக் காரைப் பற்றிச் சொன்னேன். பார்ட்ஸுக்கு விற்கப் போகிறேன் என்றேன்.

அவன் பக்கம் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "திறப்பைப் போட்டா அந்தத் திறப்புப் படம் போட்ட லைற் எரியுதோ?" என்றான். எரியவில்லை என்றேன். "மணம் எங்கால வந்தது? எஞ்சின் பக்கமோ, உள்ளுக்கோ?" உள்ளுக்கு என்றேன். "வீடியோவில காட்டுங்கோ." நான் போனைப் பிடித்துக்கொண்டு லிப்டில் இறங்கினேன். அவனுடைய குரல் மாறியிருந்தது. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்த ஒருவனுடைய குரல் அது.

அவனுடைய தொழில் வேறு, கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறான். ஆனால் வீட்டுக் கராஜில் பழைய கார்களின் கொம்பியூட்டரைப் பிரித்து மாற்றி எழுதுவது அவனுக்குப் பைத்தியம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. தாய்க்குத் தெரிந்திருக்கும். என்னிடம் அவன் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை.

"வீட்டில வைச்சே செய்யலாம் அப்பா. மூண்டு வழி இருக்கு" என்றான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சொக்கட் இருக்கிறது, அதில் வயரைக் கொழுவி லப்டொப்பிலிருந்தே பெட்டிக்குப் புது விஷயம் எழுதலாம். அது முதல் வழி, பெட்டி உயிரோடு இருந்தால்தான் சரிவரும். இரண்டாவது, பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்து, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து எழுதுவது. மூன்றாவது, பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கிற குட்டிச் சில்லு ஒன்றில் நேரே கிளிப்பை மாட்டி வாசிப்பது. திறப்பின் இரகசியம் அந்தச் சில்லில்தான் இருக்கிறது. "எங்கட பெட்டி செத்தாலும் அந்தச் சில்லு சாகாமல் இருக்கும். அதை வாசிச்சு, பழசா ஒரு பெட்டி வாங்கி அதில எழுதினாச் சரி."

"நானோ?" என்றேன்.

"கை உங்கட. மிச்சம் நான் பாக்கிறன்."

பஞ்சிகாவத்தைக்குப் போனேன். உடைத்த கார்களின் சாமான் விற்கிற கடைகள் வரிசையாக இருக்கிற இடம். மகன் சொன்னபடி கழற்றிய எங்கள் பெட்டியின் ஸ்டிக்கரில் இருந்த இலக்கத்தைப் போனில் படமாகக் காட்டினேன். கடைக்காரர் தொப்பி போட்ட முஸ்லிம் மனிதர், உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அச்சாக அதே பெட்டி, அதே இலக்கம். "சும்மா போட்டா ஸ்டார்ட் ஆகாது ஐயா, புரோகிராம் பண்ணணும். எங்க பண்ணப்போறீங்க?" என்றார். வீட்டில் என்றேன். என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்தார். பிறகு திருப்பிக் கொண்டுவந்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்று பெட்டியின் மூலையில் வெள்ளை மையால் ஒரு கீறல் போட்டுத் தந்தார்.

கருவி கனடாவிலிருந்து வரவேண்டியிருந்தது. எங்கள் ஆட்களுக்குத் தபால் எல்லாம் சரிப்படாது, யாராவது வருகிறவரிடம் கொடுத்துவிட்டால்தான் திருப்தி. மருமகளின் ஒன்றுவிட்ட அக்கா ஊருக்கு வந்தார். அவர் தங்கியிருந்த லொட்ஜுக்குப் போய்ப் பையை வாங்கினேன். சொக்லேற், விற்றமின் குளிசை, எனக்கு இரண்டு அளவு பெரிதான ஒரு ஜக்கெற், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு காலுறைக்குள் சுற்றிய சின்னக் கருவியும் வயரும் கிளிப்பும். கிளிப்பைப் பார்த்தால் துணி காயப்போடுகிற கிளிப்பின் குட்டி மாதிரி இருந்தது.

சில்லின் மேல் வார்னிஷ் மாதிரி ஒன்று பூசியிருக்கிறதாம், அதை நகப்பூச்சு அழிக்கிற தண்ணியால் துடைக்க வேண்டுமாம். காலி வீதியில் சாமத்தியச் சடங்குச் சாமான், கவரிங் நகை விற்கிற கடைக்குள் போய் நகப்பூச்சு அழிக்கிற தண்ணி கேட்டேன். விற்கிற பிள்ளை, "எந்த வாசம் அங்கிள், ரோஸா, லெமனா?" என்று கேட்டது. வாசம் இல்லாதது இல்லையா என்றேன். இல்லை. ரோஸ் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்படித்தான் அந்த ஞாயிறுகள் தொடங்கின. சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, லப்டொப்பை வைத்து, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து நிறுத்துவேன். அவன் கோலில் வருவான். கனடாவில் இருந்துகொண்டே என் லப்டொப்பைத் தன் கைக்குள் எடுத்துவிடுவான். திரையில் இருக்கிற அம்புக்குறி தானாக நகரும். இங்கே போகும், அங்கே போகும், ஒரு பெட்டியைத் திறக்கும், மூடும். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் இன்னொரு ஆள் நடமாடுகிற மாதிரி இருக்கும். மனைவி போன பிறகு இந்த வீட்டில் நான் வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருக்கும். அம்புக்குறி ஒன்றுதான் என்னைக் கேட்காமல் அசைந்தது.

முதல் நாள் சில்லில் கிளிப்பை மாட்டி வாசித்தபோது திரை முழுக்க ஒரே எழுத்து. எஃப் எஃப், எஃப் எஃப் என்று மேலிருந்து கீழ்வரை.

"இதுதானோ இரகசியம்?" என்றேன்.

"இல்லை அப்பா, அது வெறுமை. கிளிப் பிடிக்கேல்லை. வாசிக்க ஒண்டும் கிடைக்காட்டி அப்பிடித்தான் காட்டும்."

திரும்ப மாட்டினேன். சில்லு அரிசிமணியை விடக் கொஞ்சம் பெரிது. என் கை நடுங்கும், சில வருடமாக அப்படித்தான். கிளிப் வழுகியது. திரும்பவும் எஃப் எஃப். மூன்றாம் முறையும் வழுகியபோது எனக்கு எரிச்சல் வந்தது. இதெல்லாம் எனக்கு ஏலாது, விடு, விற்றுவிடுவோம் என்று கத்திவிட்டேன்.

"அவசரப்படாதீங்கோ" என்றான். "ஆறுதலாச் செய்யுங்கோ. நான் இருக்கிறன்."

நான் இருக்கிறன். அதை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், கிளிப்புக்காகச் சொன்னான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைக் கமராவில் படாத பக்கம் திருப்பிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு கிளிப் பிடித்தது. திரையில் இலக்கமும் எழுத்தும் கலந்து ஓடின. இரண்டுதரம் வாசித்து இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்தான். பிறகு வாங்கிய பெட்டியைத் திறந்து அதையும் வாசித்துச் சேமித்தான். அதில் வேறு யாருடையதோ கார் ஒன்றின் விவரம் இருந்தது. எழுதுகிற வேலையை அடுத்த ஞாயிறு செய்வோம் என்றான், அவனுக்கு நித்திரை.

நித்திரை என்று சொன்னவன் போனை வைக்கவில்லை. நான் பெட்டிகளை மூடி ஆணி முறுக்கும்வரை கதைத்துக்கொண்டிருந்தான். வேலையில் தன்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே தன்னை விட வயது குறைந்தவர்கள்தான் எல்லாரும், மத்தியானம் தனியாகத்தான் சாப்பிடுவது என்றான். மகள் இப்போது தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள் என்றான். அம்மா வைக்கிற மாதிரி ஒடியல் கூழ் வைக்கப் போய்ச் சட்டியோடு கொட்டியதைச் சொன்னான். கையில் வேலை இருக்கும்போது ஒருவரின் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை, அதனால் இரண்டு பேருக்கும் வாய் திறந்தது என்று நினைக்கிறேன். நான் வாத்தியாரின் கதையைச் சொன்னேன். மாறிக் கொழுவியது யார் என்ற வழக்கில் அவன் எனக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னான்.

அன்றைக்குக் கோல் முடிந்தபோது வெயில் பல்கனியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. நான் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை. மருந்தும் போடவில்லை. அவனும் அதைக் கேட்க மறந்துவிட்டான். இந்தக் கார் சீக்கிரத்தில் சரியாகிவிடக் கூடாது என்று நினைத்தேன். வெளிப்படையாகச் சொன்னால், கார் எனக்கு வேண்டாம், இந்த ஞாயிறுகள்தான் வேண்டும்.

இடையில் வெள்ளிக்கிழமை வந்தது. சாமி படத்துக்கு விளக்கேற்றி, சந்தனம் குழைத்தேன். புது வாகனம் வாங்கினால் பொட்டு வைத்து, ரயருக்கடியில் தேசிக்காய் வைத்து நசிக்காமல் எங்கள் ஆட்கள் எடுக்க மாட்டார்கள். பெட்டியும் வாகனத்தில் ஒரு பங்குதானே. பஞ்சிகாவத்தைத் தூசியும் எண்ணெயுமாக இருந்ததை, மிச்சம் இருந்த ரோஸ் வாசத் தண்ணியால் நன்றாகத் துடைத்து, ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். பக்கத்தில் எங்கள் பழைய பெட்டி பேசாமல் இருந்தது. அவளை எத்தனை தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த பெட்டி. மனம் கேட்கவில்லை. அதையும் துடைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் இரண்டையும் வைத்தேன்.

ஞாயிறு அவன் வந்தான். பெட்டியை எடுத்தேன், கிளிப் முதல் தரத்திலேயே பிடித்தது, எழுதினான், எழுதியதைத் திரும்ப வாசித்துச் சரிபார்த்தான். எல்லாம் சரி என்றான். கீழே போய், காரின் முன்சீற்றுக்கு எதிரில் இருக்கிற தட்டைக் கழற்றி, அதன் பின்னால் பெட்டியைப் பூட்டினேன். காவல்காரத் தம்பி வந்து எட்டிப் பார்த்து, "வாஹனே ஹரித மஹத்தயா?" என்று சிங்களத்தில் கேட்டான். சரியாகிவிட்டதா என்று ஒவ்வொரு வாரமும் கேட்பான். "தவம நே மல்லி, பொட்டக் இன்ன" என்றேன், இன்னும் இல்லை, கொஞ்சம் பொறு என்று. திறப்பைத் திருகினேன். ஒன்றும் இல்லை. முன்பு எப்படிச் செத்திருந்ததோ அப்படியே இருந்தது.

போனில் மகன் முகத்தைச் சுளித்தான். "இருக்கேலாதே" என்றான். நான் கவலைப்படுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் இன்னொரு ஞாயிறு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் குமிழி அடித்தது. அந்த வாரம் முழுக்க அவன் நடுவில் நடுவில் செய்தி போட்டான். பியூஸைப் பார்த்தீங்களோ, பூட்டினபோது கிளிக் எண்டு சத்தம் கேட்டதோ, இந்த வயர் என்ன நிறம். நான் ஒவ்வொன்றுக்கும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் போட்டேன். பூனைக்கும் எனக்கும் பழக்கமாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு கோலில் வந்ததும், "ரெண்டு பெட்டியையும் கமராவுக்குக் காட்டுங்கோ" என்றான். காரிலிருந்து கழற்றியதை ஒரு கையிலும் மற்றதை மறு கையிலும் தூக்கிப் பிடித்தேன்.

"வெள்ளைக் கீறல் போட்டது எது?"

பார்த்தேன். இரண்டிலும் கீறல் இல்லை. நான்தான் தூசியோடு சேர்த்துத் துடைத்திருக்கிறேன்.

"அதென்ன ரெண்டிலயும் மஞ்சளா?"

"பொட்டு."

"ரெண்டுக்குமோ?"

"ஒண்டுக்கு வைச்சிட்டு மற்றதைச் சும்மா விடுறதோ? அது என்ன பாவம் செய்தது?"

அவன் இரண்டு பொட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். செத்த பெட்டியின் விஷயத்தைச் செத்த பெட்டியிலேயே திரும்ப எழுதி, அதையே திரும்பக் காரில் பூட்டியிருக்கிறோம் என்று சொல்ல வந்தான், சிரிப்பில் சொல்லி முடிக்க முடியவில்லை. கதிரையில் பின்னால் சாய்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தான். அது தாயின் சிரிப்பு. அவளும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள், தோள் மட்டும் ஆடும். அவனுக்கு அது இருக்கிறது என்று எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. அவன் சிரித்து நான் பார்த்தே எத்தனை காலம். நானும் சிரித்தேன். சிரிப்பதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது, பழக்கம் விட்டுப்போயிருந்தது.

பிறகு இரண்டு பெட்டியையும் திரும்ப வாசித்து, அந்நியக் காரின் விவரம் எதில் இருக்கிறது என்று பார்த்து, அதுதான் வாங்கியது என்று கண்டுபிடித்தான். அதில் எங்கள் காரின் விஷயத்தை எழுதினான். இந்தமுறை எழுதி முடியும்வரை அந்தப் பெட்டியைக் கையை விட்டு எடுக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. அப்படியே பிடித்துக்கொண்டு லிப்டில் இறங்கினேன்.

பூட்டினேன். திருகினேன். கார் ஒருமுறை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. ஜப்பானிலிருந்து வந்த எல்லாப் பழைய கார்களையும் போல அதற்குள்ளும் ஒரு பெண் குரல் இருக்கிறது, ஸ்டார்ட் செய்ததும் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லும். அது சொன்னது. காவல்காரத் தம்பி கை தட்டினான். வாத்தியார் லிப்டிலிருந்து இறங்கி வந்து, தான் அன்றைக்கே சொன்னதாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

"சரி அப்பா, முடிஞ்சுது" என்றான் மகன். "இனி ஒரு பிரச்சினையும் வராது. கிழமைக்கு ஒருக்கா ஓடுங்கோ."

"ஓம் தம்பி. பெரிய சந்தோஷம்" என்றேன்.

அவன் படுக்கப் போனான். நான் எஞ்சினை நிறுத்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் துக்கமாக இருந்தது. நல்ல காரியம் ஒன்று நடந்த இடத்தில் இப்படித் துக்கப்படுகிறவனை என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் துக்கம்தான். மேலே போய்ப் பேப்பரை மடித்தேன், வயரைச் சுற்றிக் காலுறைக்குள் வைத்தேன், சீனிப் போத்தலைக் குசினியில் கொண்டுபோய் வைத்தேன்.

காரை ஓட்டிப் பார்த்தேன். கடற்கரை வீதியால் கொள்ளுப்பிட்டி வரைக்கும் போய்த் திரும்பினேன். எங்கேயாவது இறங்கலாம் என்று நினைத்தேன், இறங்குவதற்கு இடம் தோன்றவில்லை. வருகிற வழியில் தோடம்பழம் விற்கிற ஒருவரைக் கண்டு பழக்கத்தில் காரை ஓரம் கட்டினேன். வாங்காமல் போனால் அவருக்கு என்னவோ என்று வாங்கினேன். தோடம்பழம் எனக்குப் பிடிக்காது.

அடுத்த ஞாயிறு கோல் வந்தது. "சாப்பிட்டீங்களே அப்பா? மருந்து போட்டீங்களே? அங்க மழையே?" ஓம், ஓம், இல்லை. "கார் ஓடுதோ?" ஓடுது. அவனுக்கும் கேட்க வேறு ஒன்றும் இல்லை. திரையில் அவன் கண் வேறு எங்கோ போய்வந்தது. நானும் அம்புக்குறி இல்லாத லப்டொப்பின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊற்றி வைத்த தேத்தண்ணி குடிக்கிற சூட்டுக்கு வருவதற்கு முன்னால் கோல் முடிந்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிறு மகளுக்கு நீச்சல் போட்டி, நேரமில்லை, பிறகு எடுக்கிறேன் என்று செய்தி மட்டும் வந்தது. பிறகும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் நான் கீழே போனேன். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். திறப்பை முழுக்கத் திருகாமல் பாதியில் நிறுத்தினேன். முன்னால் இருக்கிற தட்டில் சிவப்பும் மஞ்சளுமாக எல்லா விளக்கும் எரிந்தன. போனை எடுத்து நெருக்கமாக ஒரு படம் பிடித்து அனுப்பினேன். கீழே எழுதினேன்: தம்பி, இப்ப எல்லா லைற்றும் எரியுது. என்ன செய்யிறது?

அனுப்பிய பிறகு லிப்டில் வைத்துத்தான் படத்தை நன்றாகப் பார்த்தேன். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டுகிற முள் பூச்சியத்தில் படுத்திருந்தது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் திறப்பை மட்டும் திருகினால் எந்தக் காரிலும் எல்லா விளக்கும் எரியும், ஸ்டார்ட் செய்ததும் அணைந்துவிடும். கார் ஓட்டப் பழகுகிற பிள்ளைக்கே முதல் நாள் தெரிகிற விஷயம் அது. சில்லுக்குள் இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் வாசிக்கிறவனுக்கு அது தெரியாமல் போகுமா? எனக்கு முகம் சூடாகிவிட்டது. அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். அதற்குள் அவன் பார்த்துவிட்டதாகக் காட்டியது. அங்கே இரவு, இன்னும் படுக்கவில்லை போல.

அவன் எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. திரும்ப எழுதுகிறான் என்று காட்டியது. திரும்பவும் நின்றது. நான் வீட்டு வாசலில் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கதவைத் திறக்காமல் நின்றேன். இவ்வளவு வயதில் இப்படி ஒரு பொய்யா என்று கேட்பான், அல்லது கேட்காமல் அப்பாவுக்கு மறதி தொடங்கிவிட்டது என்று மருமகளிடம் சொல்வான் என்று நினைத்தேன். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

பதில் வந்தது. "ஓம் அப்பா, கண்டனான். இது கொஞ்சம் இருந்து பாக்கவேண்டிய வேலை. ஞாயிறு காலமை லப்டொப்பை மேசையில வையுங்கோ."

ஞாயிறு பேப்பரை விரித்தேன். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்தேன். அவன் கோலில் வந்தான், என் லப்டொப்பைத் தன் கைக்குள் எடுத்தான். அம்புக்குறி திரையின் நடுவுக்கு வந்து நின்றது. அதற்குப் பிறகு அது எங்கும் போகவில்லை. அவன் காரைப் பற்றிக் கேட்கவில்லை. புது மேலதிகாரி தன் பெயரை இன்னும் பிழையாகத்தான் சொல்கிறான் என்றான். மகள் நீச்சலில் கடைசியாக வந்தும் கேக் கேட்டு வாங்கினாள் என்றான். அம்மா ஒடியல் கூழுக்கு எப்போது மாவைக் கரைத்து ஊற்றுவாள், மீன் வெந்த பிறகா முன்னமா என்று கேட்டான். எனக்கு அது தெரிந்திருந்தது, பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேனே. சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான்.

பேச்சு ஒரு இடத்தில் ஓய்ந்தபோது எனக்கு மனம் உறுத்தியது. சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன்.

"தம்பி, அந்த லைற்..."

"அது லேசில போகாது அப்பா" என்றான். என்னைப் பார்க்காமல், கீழே எதையோ பார்த்துக்கொண்டு சொன்னான். "வாற கிழமையும் ஒருக்காப் படம் எடுத்து அனுப்புங்கோ. நான் மறந்தாலும் நீங்கள் மறக்காதீங்கோ."